ஃபோல்சம் தாண்டினால் வெறும் புதர்க்காடா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில், கலிபோர்னியாவின் ஃபோல்சம் நகர் வழியாக லேக் தாஹோ ஏரிக்குப் போகும் பயணக் கட்டுரை படித்தேன். "ஃபோல்சம் தாண்டினால் வெறும் புதர்க்காடு, ஒரு தூக்கம் போடலாம்" என்று அதில் ஒரு வரி. அந்தப் புதர்க்காட்டை ஒட்டி, கேமரன் பார்க் என்ற ஊரில் குடியிருப்பவள் நான். மனது ஆறவில்லை.

அங்கே காப்ரோ என்ற கரும்பாறை சிதைந்த செம்மண்ணில்தான் ஸ்டெபின்ஸ் மார்னிங் குளோரி என்ற அரிய பூங்கொடி படர்கிறது. சர்க்கரைவள்ளியின் உறவுக்கொடி. கலிபோர்னியாவின் எல்டொராடோ, நெவாடா கவுண்டிகளை (மாவட்டங்களை) விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 1996-லேயே அமெரிக்க அரசு அதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்துவிட்டது. அதே மண்ணில் மத்தியச் சட்டப் பாதுகாப்பு பெற்ற செடிகள் இன்னும் நான்கு உண்டு. இதையெல்லாம் பார்க்காமல் தூங்கச் சொல்கிறீர்கள்.

உங்கள் தோட்டப் பகுதியும் முன்பு ஒருமுறை, மார்னிங் குளோரி மாதிரி எந்தக் கொடியைக் கண்டாலும் வேரோடு பிடுங்கி மருந்தடிக்கச் சொன்னது. அப்போதே எழுதினேன். பதில் இல்லை, பிரசுரமும் இல்லை. சரி, இடமில்லை போலும் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த யோசனையை எங்கள் தெருவில் ஒருவர் அப்படியே செய்தார். சரிவில் பூத்திருந்த கொடியைக் களை என்று சொல்லி என் கண்ணெதிரே மருந்தடித்தார். நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பத்திரிகையில் வந்திருக்கிறதே என்றார்.

தீத்தடுப்பு என்று மண்ணோடு வழித்தெடுப்பவர்களையும் பார்க்கிறேன். வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கொடிக்குத் தீ எதிரியல்ல. கெட்டித்தோல் விதை பல காலம் மண்ணுக்குள் கிடந்து, புதர் எரிந்து வெயில் பட்ட பிறகு முளைத்து வரும். காய்ப்பதற்கு முன்பே வழித்தெடுத்தால், அல்லது மேலே சிமெண்ட் போட்டால், அதற்கு வழியேது? பக்கத்து ஊரான எல்டொராடோ ஹில்ஸில் புது வீடு வாங்கும் நம்மவர்களுக்கு இதை நீங்கள் சொல்லாமல் யார் சொல்வார்கள்?

நான் கேட்பது கொஞ்சம்தான். அடுத்த இதழில் அந்தப் பூவின் படமும் நான்கு வரியும் போடுங்கள். பூ இதே போலிருக்கும் பைண்ட்வீட் என்ற களைக்கொடியின் இலை அம்புமுனை போலிருக்கும். ஸ்டெபின்ஸ் கொடியின் இலை ஏழு முதல் ஒன்பது வரை ஒல்லி விரல்களாகப் பிரிந்திருக்கும். பிடுங்குவதற்கு முன் இலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த முறையாவது இடம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
கேமரன் பார்க், கலிபோர்னியா