ஈரானை எப்போது அரபு நாடாக்கினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மேற்காசியக் கட்டுரையில், "அரபிகளுக்குத் தேச உணர்வே கிடையாது, தெரிந்ததெல்லாம் கோத்திரச் சண்டைதான்" என்று ஒரு வரி. பக்கத்திலேயே 'அரபு நாடுகள்' என்று ஒரு பெட்டிச் செய்தி. அதில் ஈரானும் துருக்கியும் இருக்கின்றன. அங்கே பேசுவது பாரசீகமும் துருக்கியும், அரபி அல்ல. அரபிகள் யார் என்றே தெரியாதவருக்கு, அவர்களிடம் என்ன உணர்வு இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது!

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் உலகப் போரில், அரபு நிலத்தை ஆண்ட துருக்கியை எதிர்த்துக் கிளம்பினால் தனி அரசு என்று மக்காவின் அரபுத் தலைவர் ஷெரீப் ஹுசைனுக்கு ஆசை காட்டிய ஆங்கிலேயர், 1916இல் பிரெஞ்சுக்காரருடன் உட்கார்ந்து அதே நிலத்தைப் பங்கு போட்டார்கள். 1920 மார்ச்சில் டமாஸ்கஸில் கூடிய சிரிய காங்கிரஸ், ஹுசைனின் மகன் பைசலை மன்னராக அறிவித்தது. ஜூலையில் பிரெஞ்சுப் படை வந்துவிட்டது. டமாஸ்கஸுக்கு அருகே மைசலூனில் அதை எதிர்த்து நின்று செத்தவர் அந்த அரசின் போர் அமைச்சர் யூசுப் அல்-அஸ்மா. அவர் எந்தக் கோத்திரச் சண்டையில் செத்தார் என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள். துரத்தப்பட்ட பைசலுக்கு மறு வருடமே ஈராக் சிம்மாசனத்தை ஆங்கிலேயர் தந்தார்கள். ஆறுதல் பரிசு!

அரபு ஒற்றுமை பேசிய பாத் கட்சியைத் தொடங்கியவர்களில் மிஷேல் அஃப்லக் கிறிஸ்தவர். உங்கள் இதழிலோ அரபி என்றாலே முஸ்லிம், முஸ்லிம் என்றாலே ஒட்டகம். பெய்ரூட் பற்றிய கட்டுரைக்கும் ஒட்டகப் படம்தான் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், கடிதம் அச்சில் வரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. அந்த வாரம் ராசிபலனே இரண்டு பக்கம்.

நான் குவைத்தில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். எங்கள் அலுவலகத்து எகிப்துக்காரரும் சிரியாக்காரரும், எகிப்து அதிபர் நாசர் 1958இல் இரு நாடுகளையும் இணைத்ததையும் 1961இல் அது உடைந்ததையும் வைத்தே அன்றாடம் மல்லுக்கட்டுவார்கள். சிரியாவைக் கெய்ரோவின் ஜில்லாவாக்கப் பார்த்தீர்கள் என்பார் சிரியாக்காரர், சேர வந்தது நீங்கள்தானே என்பார் எகிப்துக்காரர். எகிப்துப் பாடகி உம் குல்தூமின் கேசட்டைப் போட்டால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். இதற்குப் பெயர் என்ன ஐயா?

எனக்கு அடுத்த மேசை பாலஸ்தீனக்காரர். குவைத்திலேயே பிறந்தவர், கையில் ஜோர்டான் பாஸ்போர்ட். இகாமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க என்னோடு அதே வரிசையில் பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். நானாவது அந்நியன். மேடைக்கு மேடை 'அரபுச் சகோதரர்' என்று முழங்கிய ஊரில் அவரும் அங்கேதான் நின்றார். 1990 ஆகஸ்டில் ஈராக்கின் சதாம் படை புகுந்து குவைத்தை ஈராக்கின் 19வது மாகாணமாக்கியது, அதுவும் அரபு ஒற்றுமையின் பெயரால். நாங்கள் பாக்தாத் வழியாக அம்மான் போய் ஏர் இந்தியா பிடித்து உயிர் தப்பினோம். விடுதலைக்குப் பிறகு நான் திரும்பிப் போனபோது அந்த மேசையில் வேறு ஆள். பாலஸ்தீனத் தலைவர் அராபத் சதாம் பக்கம் சாய்ந்தார் என்பதற்காக, அங்கிருந்த சுமார் 4 லட்சம் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் குவைத்தில் இருக்கவோ அங்கே திரும்பவோ முடியாமல் போனது. லண்டனும் பாரிசும் செய்த துரோகத்துக்கு இந்த ஆட்சியாளர்கள் செய்தது சளைத்ததில்லை. ஆனால் துரோகம் செய்ய அங்கே ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டுமே! 2011இல் துனிசியாவின் துனிஸில் கிளம்பிய 'ஆட்சி வீழ வேண்டும் என்பதே மக்கள் விருப்பம்' என்ற அதே கோஷம் வார்த்தை மாறாமல் கெய்ரோவிலும் ஏமனின் சனாவிலும் கேட்டதே, அதையும் கோத்திரக் கணக்கில் எழுதிவிடலாமா?

இவ்வளவும் அச்சேறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெட்டிச் செய்தியையாவது திருத்துங்கள். அரபு லீகின் 22 நாடுகளின் பட்டியலைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். படம் போடுவதாக இருந்தால் ஒட்டகம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அதிராம்பட்டினம்.