எழுதிக் கொடுக்காத ஒரு வரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி போனில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். பக்கத்தில் அம்மா இருந்தாள். அவள் காதில் விழுந்தால் "நாளைக்கே பஸ் ஏறி வந்துடு" என்பாள். அதனால்தான் இந்தக் காகிதம்.

நைட் ஷிப்டில் தகடு அடிக்கிற அந்தப் பிரஸ்ஸின் சென்சாரைச் சாவி போட்டு அணைத்துவிட்டு ஓட்டுகிறார்கள் என்றாய். கை உள்ளே இருந்தாலும் ராம், மேலிருந்து இறங்கி அடிக்கிற அந்தப் பாகம், நிற்காது. எழுதிக் கொடுத்தால் ஓட்டுகிற அண்ணன் மாட்டிக்கொள்வாரே, அப்ரண்டிஸ் பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு என்பார்களே என்றும் யோசிக்கிறாய். நியாயமான பயம்தான். ஆனால் வாயால் சொல்லிவிட்டு விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அம்பத்தூரில் நான் ஓட்டியது பழைய பெடல் பிரஸ். ஒரு தடவை மிதித்தால் ராம் ஒரு தடவைதான் இறங்க வேண்டும். கிளட்ச்சுக்குள் ராமை இயக்கிவிடும் ஓர் இரும்புத் துண்டு இருக்கும், அதையும் சாவி என்போம். அது தேய்ந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, காலை எடுத்த பிறகும் ராம் இன்னொரு தடவை இறங்கும். 'டபுள் அடிக்குது' என்போம். முதல் அடி விழுந்ததும் பீஸை எடுக்கக் கை தானாக உள்ளே போகும். மூளையைக் கேட்டுக்கொண்டு போகாது. ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் அடித்த கை அல்லவா அது!

ஒருநாள் காலை ஷிப்டில் எனக்கு இரண்டு தடவை டபுள் அடித்தது. தப்பித்தேன். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "இந்த லாட் முடியட்டும், மெயின்டெனன்ஸ்ல சொல்றேன்" என்றார். சரி சார் என்று சாப்பிடப் போனேன். என் கடமை முடிந்தது என்று நிஜமாகவே நினைத்தேன்.

மதிய ஷிப்டில் அதே மெஷினில் வந்து நின்றது நம் வாலாஜா மாமா. அவர் வலது கையை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். மூன்று விரல்.

விசாரணையில் சூப்பர்வைசர், தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், காலையில் மெஷின் எப்படி இருந்தது என்று. உன் அத்தை கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்டு அப்போதுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். "நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றேன். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதி முடித்தார்கள். காலையிலேயே ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அவராலும் மறுத்திருக்க முடியாது, என்னாலும் பொய் சொல்லியிருக்க முடியாது.

அதனால் நீ எழுது. 'பாதுகாப்பு சரியில்லை' என்று பொதுவாக எழுதினால் ஃபைலுக்குள் போய்த் தூங்கும். எந்த மெஷின், என்ன தேதி, மணி என்ன, சாவி எந்த நிலையில் இருந்தது, அவ்வளவு போதும். ஆள் பெயர் வேண்டாம். அந்த அண்ணன் வேண்டுமென்று சென்சாரை அணைக்கவில்லை. அது சும்மா சும்மா மெஷினை நிறுத்தினால் எண்ணிக்கை விழும், காலையில் அவர் தலையில் விடியும். எங்கள் காலத்தில், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ராம் இறங்கும் இரட்டைப் பட்டன் வந்தபோது ஒன்றில் தீக்குச்சியைச் செருகி ஒற்றைக் கையால் ஓட்டினோம். நானும்தான். ஆகவே சென்சார் ஏன் நிறுத்துகிறது என்று பார். கண்ணாடியில் எண்ணெய் படிந்திருக்கும், இல்லை மெஷின் அதிர்வில் சென்சாரின் இரண்டு பக்கமும் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கும். அதையும் ஒரு வரி சேர்த்துவிடு. அந்தச் சாவி ஆபரேட்டர் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை மேலே இருப்பவர்களுக்கு விட்டுவிடு.

இரண்டு பிரதி எடு. ஒன்றைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடு, இன்னொன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்கு. கையெழுத்துப் போட மறுத்தால் அன்றைக்கே மெயிலில் அனுப்பு. பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பக்கம் இருப்பவரிடமும் காட்டு.

அப்ரண்டிஸ் என்று தள்ளிவிட முடியாது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்திலேயே, தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு உனக்கும் உண்டு என்று இருக்கிறது. யூனியன் வகுப்பில் எங்களுக்குத் தொழிற்சாலைச் சட்டத்தின் 111ஏ பிரிவைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதுகாப்பு போதவில்லை என்றால் தொழிலாளி நேராக இன்ஸ்பெக்டரிடமே முறையிடலாம் என்றது அது. புகார் சொன்னது யார் என்பதை அவர் வெளியே விடக் கூடாது என்றது 118ஏ பிரிவு. இரண்டும் 1987 திருத்தத்தில் வந்தவை, போபால் ஆலையின் விஷவாயு விபத்துக்குப் பிறகு. அங்கேயும் முன்கூட்டியே சொன்ன ஆட்கள் இருந்தார்கள். 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் 1982லிருந்தே எழுதினார். 1984 டிசம்பர் வரை யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் வந்திருக்கிறது. அதில், ஆபத்தான நிலையைப் பார்த்தால் தெரிவிப்பது தொழிலாளியின் கடமை என்றே போட்டிருக்கிறார்கள். யாராவது முறைத்தால் இதைச் சொல். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம், நானும் கூட வருகிறேன்.

எழுதிக் கொடுத்த பிறகு கொஞ்ச நாள் கேன்டீனில் உன் மேஜைக்கு ஆள் வர மாட்டார்கள். சும்மா சொல்லவில்லை, அது வலிக்கும். சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

போன வாரம் வாலாஜா மாமாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். டீ கிளாஸை இடது கையில்தான் பிடிக்கிறார், இன்றைக்கும். உனக்குப் பிரஸ் ஷாப்பில் வேலை என்றேன். சம்பளம் கேட்கவில்லை. "எத்தனை டன் பிரஸ்? சென்சார் இருக்குதா?" என்றுதான் கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப சரி" என்று டீயைக் குடித்தார். காலையில் அந்த மெஷின் டபுள் அடித்தது எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

அப்பா