இரட்டைக் குடியுரிமை கேட்ட மகளுக்கு

அன்பு மகள்,

கனடாக் குடியுரிமையோடு இலங்கைக் குடியுரிமையையும் எடுக்கலாமா, எடுத்தால் தேர்தலில் நிற்கலாமா என்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அங்கேயே பதில் தட்டத்தான் பார்த்தேன். இரண்டு வரியில் அடங்குகிற விசயமில்லை. அதனால் தாளில் எழுதி, தம்பியிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். கச்சேரி அலுவலகத்தில் கோப்பு எழுதியே ஓய்வுபெற்ற கைக்கு இதுதான் இலகு.

முதலில் நேரான பதில். இரட்டைக் குடியுரிமையை எடு. காணி உன் பெயரில் எழுத, விசா இல்லாமல் வந்து நின்று போக உதவும். ஆனால் பாராளுமன்றத்துக்கோ ஜனாதிபதிப் பதவிக்கோ நீ போட்டியிட முடியாது. (நீ போட்டியிடப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாய்.) “அப்படியென்றால் அமெரிக்கக் குடியுரிமையும் உள்ள பசில் ராஜபக்ச எப்படி எம்.பி. ஆனார்?” என்றும் கேட்டிருந்தாய். அங்கேதான் கதை இருக்கிறது. 2015இல் வந்த, அரசியல் யாப்பின் 19ஆவது திருத்தம், இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பாராளுமன்றத்தில் இருக்கக்கூடாது என்றது. கீதா குமாரசிங்க என்ற நடிகை சுவிற்சர்லாந்துக் குடியுரிமையும் வைத்திருந்ததால் 2017இல் ஆசனத்தை இழந்தார். பசிலின் அண்ணன் கோட்டாபய அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் 2019இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 2020இல் 20ஆவது திருத்தம் அந்தத் தடையைத் தூக்கியது. அடுத்த வருடம் பசில் எம்.பி., நிதியமைச்சரும்கூட. 2022இல் 21ஆவது திருத்தம் தடையைத் திரும்பவும் போட்டது.

இதில் முசுப்பாத்தி என்ன தெரியுமா? 20ஐயும் 21ஐயும் நிறைவேற்றியது ஒரே பாராளுமன்றம், 2020 ஓகஸ்டில் நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியது. 20க்கு ஆதரவாக 156 பேர், இரண்டு வருடம் கழித்து 21க்கு ஆதரவாக 179 பேர். இருப்பதே 225 பேர் என்பதால், தடையை எடுக்கவும் போடவும் இரண்டு தரமும் ஆதரித்தவர்கள் நூறு பேரளவில் இருக்கவேண்டும். நடுவில் நடந்தது உனக்குத் தெரியும்: பெற்றோல் வரிசை, காலிமுகத்திடல் போராட்டம், கோட்டாபய நாட்டை விட்டுப் போனது. கொள்கை மாறியதென்று நான் நம்பவில்லை. காற்று மாறியது, அவ்வளவுதான்.

யாப்பை இவ்வளவு கெதியாக மாற்றலாமா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்கள் கனடாவில் பெரும்பாலான திருத்தங்களுக்கு மத்திய பாராளுமன்றம் மட்டும் போதாது. சனத்தொகையில் பாதியையாவது கொண்ட ஏழு மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். இங்கே 1978 யாப்பின் 82ஆம் உறுப்புரை கேட்பது மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 வாக்கு. மாகாண சபைகள் பற்றிய அத்தியாயத்தை மாற்றும்போது அந்தச் சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும். அவை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அதே மூன்றில் இரண்டு இருந்தால் சரி.

83ஆம் உறுப்புரையில் மட்டும் ஒரு சின்னப் பட்டியல் உண்டு. அதில் உள்ளதை மாற்றுவதென்றால் மூன்றில் இரண்டுக்கு மேலே சர்வஜன வாக்கெடுப்பும் வைக்க வேண்டும். ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, கொடி, கீதம், தேசிய தினம், பௌத்தத்துக்கு முதன்மை இடம் எல்லாம் அதில் இருக்கின்றன. அடிப்படை உரிமைகளில் இருப்பவை இரண்டே இரண்டு. சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைச் சொல்லும் 10. சித்திரவதைக்கு எதிரான 11. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற 12ஐத் தேடிப் பார், இல்லை. கைது செய்வதற்கு ஒழுங்குமுறை வேண்டும் என்கிற 13 இல்லை. பேச்சும் கூட்டமும் நடமாட்டமும் உள்ள 14உம் இல்லை. இரண்டு உரிமைக்கு வீட்டுக் கதவின் பூட்டு, மற்றவற்றுக்குப் படலைக் கொளுக்கி. இறைமை பற்றிய 3ஆம் உறுப்புரையைப் பிடித்து நீதிமன்றம் சில வேளை மற்றவற்றையும் காத்திருக்கிறது. ஆனால் அது நீதியரசர்கள் வாசிக்கிற விதத்தில் தங்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சபாநாயகரின் கையெழுத்து விழுந்து சட்டமாகிவிட்டால், அதற்குப் பிறகு எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்க முடியாது. இந்தியாவில் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், யாப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றம்கூடக் குலைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அதே வாதத்தை 1987இல், மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்துக்கு எதிராக இங்கே கொண்டுபோனார்கள். ஒன்பது நீதியரசர்கள் கேட்டார்கள், பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில். பெரும்பான்மை அந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை. ஆக, குடிமக்களுக்கு இருப்பது முன்வாசல் மட்டும்: சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிக் குறிப்பிட்ட நாட்களுக்குள் (2010இல் அது ஒரு வாரம்) உயர் நீதிமன்றம் போகலாம். ஜனாதிபதி இரண்டு தரத்துக்கு மேல் போட்டியிடக்கூடாது என்ற வரம்பை எடுத்த 18ஆவது திருத்தத்தை 2010இல் அவசர சட்டமூலமாகக் கொண்டு வந்தார்கள். அந்த ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை. வாசித்து முடிக்குமுன்னே 161க்கு 17 என்று நிறைவேறிவிட்டது.

வாக்கெடுப்பு வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதே. 1982ஐச் சொல்லுகிறேன், கேள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனத்தில் 140ஐ எடுத்திருந்தது. யாப்பை நினைத்தபடி எழுதுகிற பலம். 1983இல் பாராளுமன்றத்தின் காலம் முடியவேண்டும். புதிய விகிதாசார முறையில் தேர்தல் வைத்தால் அந்தப் பலம் திரும்பக் கிடைக்காது. ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தன் கட்சி எம்.பி.மாரிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு 4ஆவது திருத்தம்: தேர்தல் வேண்டாம், இருக்கிற பாராளுமன்றமே 1989 ஓகஸ்ட் வரை இருக்கட்டும். காலத்தை ஆறு வருடத்துக்கு மேல் நீட்டுவதென்றால் மக்களைக் கேட்க வேண்டும் என்று 83 சொல்லுவதால், டிசெம்பர் 22இல் வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் கட்சியுமில்லை, வேட்பாளருமில்லை. ஆமென்றால் விளக்கு, இல்லையென்றால் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. நாடு முழுக்க எண்ணிப் பார்த்தால் விளக்குக்கு 54 வீதத்துக்குச் சற்று மேல். மக்களைக் கேட்டார்கள்தானே என்று சொல்லுவாய். கேட்டார்கள். அடுத்த தேர்தலில் நீங்கள் போடவேண்டிய வாக்கை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். அதே வருடம் ஏப்ரலில்தான் உங்கள் நாட்டில் உரிமைச் சாசனம் வந்தது. (அதிலும் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சில உரிமைகளை ஐந்து வருடம் வரை ஒதுக்கிவைத்துச் சட்டம் செய்ய அது வழிவிடுகிறது. தேடிப் பார், நீயும் உன் நாட்டுப் படலையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.)

அடுத்த வருடம் தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம். ஓகஸ்டில் 6ஆவது திருத்தம். தனிநாட்டை ஆதரிப்பது குற்றம், எம்.பி.மார் அதற்கெதிராகச் சத்தியம் செய்ய வேண்டும். அரச உத்தியோகத்தர்களும் சட்டத்தரணிகளும் அப்படியே. நானும் கையெழுத்து வைத்தேன். சம்பளம் வேண்டுமே. தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் மறுத்தார்கள், ஆசனம் போயிற்று. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர். இந்த இரண்டு திருத்தத்தையும் தனித்தனியே படித்தால் விளங்காது, சேர்த்துப் படிக்க வேண்டும். நாலாவது, தேர்தலைத் தள்ளிவைத்தது. ஆறாவது, நாங்கள் அனுப்பியவர்களை வெளியே விட்டது. வீடு எரிந்தவர்கள் அகதி முகாமில் இருந்த அந்த நாட்களில் எங்களுக்காக எழுந்து பேச அந்தச் சபையில் அவர்கள் இல்லை. 1988 கடைசியில் கலைக்கப்படும் வரை அதே பாராளுமன்றம்தான். உரிமை பறிபோவது என்றால் யாரோ வந்து பிடுங்குவது என்று நினைத்திருந்தேன். இரண்டு சட்டப் பக்கம் போதும் என்று அப்போது விளங்கியது.

6ஆவது இன்றும் இருக்கிறது. இலங்கைக்கு உள்ளேயோ வெளியேயோ என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, அதை நீயும் கவனி. கூட்டாட்சி கேட்பதும் அதில் சிக்குமோ என்று பல காலம் பயம் இருந்தது. தமிழரசுக் கட்சிக்கு எதிராக ஒருவர் வழக்கே போட்டார். 2017 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம், கூட்டாட்சி கேட்பது தனிநாடு கேட்பதாகாது என்றது. ஒரு கேள்விக்குப் பதில் வர 34 வருடம்.

13ஆவது, 16ஆவது திருத்தங்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அப்பாவிடம் கேட்டால் விடிய விடியச் சொல்லுவார். தமிழ் அரசகரும மொழியானது 1987இல் 13ஆல். வடக்குக் கிழக்கில் நிருவாகமும் தமிழில் நடக்க வேண்டும் என்று 1988இல் 16 எழுதியது. மாகாண சபையும் வந்தது. வட மாகாண சபைக்குத் தேர்தல் 2013இல்தான் நடந்தது, 2018இல் அதன் காலம் முடிந்தது, பிறகு இல்லை. திருத்தம் அப்படியே இருக்கிறது. அதில் ஒரு எழுத்தையும் யாரும் அழிக்கவில்லை. தேர்தல் வைக்காமல் விட்டாலே போதும், அழிக்க வேண்டிய தேவையில்லை.

சரி, எல்லாமே இருட்டு என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். 2018ஐ நினைத்துப் பார். 19ஆவது திருத்தத்தைக் கொண்டு வந்தவர் அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன. 212 பேர் ஆதரவு, எதிர்த்து ஒரே ஒருவர். ஜனாதிபதியின் காலத்தை ஐந்து வருடமாகக் குறைத்தார்கள், இரண்டு தர வரம்பைத் திரும்ப வைத்தார்கள், நாலரை வருடம் முடியுமுன் தன்னிச்சையாகப் பாராளுமன்றத்தைக் கலைக்கக்கூடாது என்றார்கள். 2018 ஒக்டோபரில் அதே சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கி மகிந்த ராஜபக்சவை வைத்தார். பெரும்பான்மை சேரவில்லை என்றதும் நவம்பரில் பாராளுமன்றத்தையே கலைத்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயாவும் மற்றவர்களும் உயர் நீதிமன்றம் போனார்கள். டிசெம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைத்தது செல்லாது என்றார்கள். எந்த உரிமை மீறப்பட்டது என்றார்கள் தெரியுமா? 12. பட்டியலில் இல்லை என்றேனே, அதே சமத்துவ உரிமை. ஜனாதிபதியின் உத்தியோகச் செயலை எதிர்த்து அடிப்படை உரிமை வழக்குப் போடலாம் என்று வைத்ததும் 19தான். அன்று அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து எழும்பவேயில்லை, தேநீர் ஆறிப்போனதற்கு என்னைத்தான் பேசினார்.

19இல் எனக்குப் பிடித்தது அந்தப் பெரிய விசயங்கள் ஒன்றுமில்லை. 14அ என்று புதிதாகச் சேர்த்த உறுப்புரை, தகவல் அறியும் உரிமை. 2016இல் அதற்குச் சட்டம் வந்தது, 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறை. 20ஐ எழுதியவர்கள் ஜனாதிபதியின் கையை அவிழ்த்துவிட்டார்கள், சுயாதீன ஆணைக்குழுக்களைப் பலவீனமாக்கினார்கள், ஆனால் 14அவைத் தொடவில்லை. ஏன் என்று எனக்கொரு எண்ணம். உயர் பதவி நியமனங்களைப் பார்க்கிற அரசியலமைப்புப் பேரவையை எடுத்தால் கொழும்பில் நாலு சட்டத்தரணிகள் சத்தம் போடுவார்கள். இதை எடுத்தால் ஒவ்வொரு பிரதேச செயலக வாசலிலும் படிவத்தோடு நிற்கிற ஒருவர் “என்ரை கடிதத்துக்கு என்ன பதில்?” என்று கேட்பார். காணி பிடித்து வைத்திருப்பது பற்றி, வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் விடுபட்டது பற்றி என்று எங்கள் சனம் எதைத்தான் கேட்கவில்லை? பாவித்துப் பழகிய உரிமையில் கை வைக்க அவர்களுக்கும் கொஞ்சம் யோசனை வரும்.

நானும் ஒன்று போட்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கைக்கு வடிகால் போட ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று ஓர் அலுவலகத்திடம் கேட்டேன். பதினாலு வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொல்லவில்லை. மேலதிகாரிக்கு மேன்முறையீடு செய்தேன். “கோப்பு தேடப்படுகிறது” என்று பதில். கோப்பு வைத்துப் பிழைத்த எனக்கா இந்தப் பதில்? கொழும்பில் தகவல் அறியும் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிட்டேன், இப்போது விசாரணைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். அப்பா, தான் வந்தால் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்கிறார். தனியாகப் போவதா, பக்கத்து வளவு மாஸ்டரைத் துணைக்குக் கூட்டிப் போவதா என்று யோசிக்கிறேன். நீ என்ன சொல்லுகிறாய்? ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அம்மா