மாட்டிக்கிட்டேனா, ஒட்டிக்கிட்டேனா?

மஞ்சக்குப்பம், கடலூர்

அடியே பிலோ,

பொங்கலுக்கு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடலை. திட்டு, வாங்கிக்கிறேன். அம்மா சுகம். பையன் ப்ளஸ் டூ, வீட்டுல டிவி ஊமை. உன் குடை என்கிட்டதான் இருக்கு, தர மாட்டேன்.

விஷயத்துக்கு வரேன். எங்க வார்டுக்கு ஒரு எம்.எஸ்சி. நர்சிங் பொண்ணு ஆராய்ச்சிக்கு வந்திருக்கு. நர்ஸுங்க ஏன் வேலையை விடுறாங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சாம். ஏன் விடாம இருக்காங்கன்னு இது அளக்குது. 2001-ல மிட்செல்னு ஒரு அமெரிக்கரும் கூட்டாளிங்களும் கிளப்பிவிட்ட யோசனை. முதல்ல சோதிச்சது மளிகைக் கடை ஊழியருங்களையும் ஆஸ்பத்திரி ஊழியருங்களையும். நம்மளை யாரோட சேர்த்தான் பாரு! மூணு கணக்கு: யார் யாரோட பிணைஞ்சிருக்கே, இடம் உனக்குப் பொருந்துதா, விட்டா எதை இழப்பே. வேலைக்கு மூணு, ஊருக்கு மூணு. இதையெல்லாம் கேக்குற அந்த நீளக் கேள்வித் தாளை நைட் டூட்டி முடிச்சு எவ நிரப்புவா? அதனால 2007-ல வேற சிலர் செஞ்ச ஏழு கேள்வித் தாளை எடுத்துக்கிச்சு. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க்.

தமிழாக்க என்னைப் பிடிச்சுது. அங்கதான் வம்பு. விட்டுப் போக முடியாத அளவுக்கு இங்கேயே ஊறிட்டேன்னு வரவேண்டிய இடத்துல, நான் பாட்டுக்கு 'மாட்டிக்கிட்டேன்'னு எழுதிட்டேன். முறைப்படி இன்னொருத்தர் அதைத் திரும்ப இங்கிலீஷாக்கிப் பார்க்கணும். பார்த்தா, நாம பொறியில சிக்கின எலி! பொண்ணு அழாத குறை. அதுக்குள்ள பத்துப் பேர்கிட்ட கொடுத்தாச்சு. பத்துப் பேரும் அஞ்சு. சிரிச்சுக்கிட்டே போட்டாளுங்க.

எனக்குத்தான் சிரிப்பு நின்னுபோச்சு. பாண்டியில நம்ம முதல் வேலை ஞாபகம் இருக்கா? ஒரிஜினல் சர்டிபிகேட்டை பீரோவுல பூட்டிக்கிட்டு ரெண்டு வருஷ பாண்டு. அன்னிக்கு இந்தத் தாளைக் கொடுத்திருந்தா நாம ரெண்டு பேரும் முழு மார்க். சர்டிபிகேட் கைக்கு வந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டவ நீ.

திருத்தின தாள்ல என் மார்க் 35-க்கு 33. "சிஸ்டர், நீங்கதான் டாப்"னு அது குதிக்குது. எனக்கு வயித்தைப் பிசையுது. அதுல வீட்டுக் கடன் எத்தனை, அம்மா எத்தனை, வார்டு எத்தனை? 2011-ல தானே புயல் அன்னிக்கு மரமெல்லாம் விழுந்து காலை ஷிஃப்ட் வரலை; நைட்டோட சேர்த்துப் பகலும் நானே பார்த்தேன். போக வழியில்லை, நிஜம்தான். சாயங்காலம் ஆள் வந்த பிறகும், அந்தப் பதினோராம் பெட் தாத்தாவுக்கு ட்ரிப் முடியட்டும்னு உட்கார்ந்திருந்தேனே, அதை எந்தக் கட்டத்துல டிக் பண்றது?

தாளைப் படமெடுத்து அனுப்புறேன். நடுவுல ஒரு கேள்வி மட்டும் தலைகீழா, விட்டுப் போறது சுலபம்னு இருக்கும், பார்த்துப் போடு. மஸ்கட்டை நெனச்சு ஒரு தடவை, கடலூரை நெனச்சு ஒரு தடவை. ரெண்டு மார்க்கையும் எனக்கு மட்டும் சொல்லு, உன் வீட்டுக்காரருக்கு வேண்டாம்.

வசந்தா