பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை வெண்ணாற்றில், சட்ரஸ் (தண்ணீர் திறக்கும் மதகு) பக்கம் குளிக்கப்போன நம் பிள்ளை ஒருவனைப் பறிகொடுத்தோம். அவன் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். நடந்தது இதுதான். கணக்கு சார் வருகைப்பதிவு எடுத்தார். 17-க்கு அப்புறம் 19 என்று கூப்பிட்டார். உடனே வகுப்பு மொத்தமும் எழுந்து, 18-க்காக "உள்ளேன் ஐயா" என்றது. சார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அவன் இடத்தில் பிள்ளைகள் வைத்திருந்த செவ்வந்திப் பூவை எடுக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கு வைக்க வேண்டிய தேர்வை வைத்தார். அழுத மாணவியை வெளியே போகச் சொன்னார். அவள் பின்னாலேயே எல்லோரும் எழுந்து போய், சாயங்காலம் வரை புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அது திமிர் இல்லை. கூடப் படித்தவனுக்குப் பிள்ளைகள் கொடுத்த மரியாதை. சார் செய்தது தவறு, அதை அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனால் அவரை மாற்றச் சொல்லி மனுவில் கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். சனிக்கிழமை இரவு தீயணைப்புக்காரர்கள் உடலை எடுக்கும்வரை கரையை விட்டு நகராமல் நின்றவர் அவர்தான். "பாடத்தை நிறுத்தினால் பிள்ளைகள் ஒடிந்துபோவார்கள் என்று பயந்தேன்" என்றார். நான் அவரை நம்புகிறேன்.

என் தவறு இதைவிடப் பெரியது. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். வழக்கம்போல் மணி அடிக்கச் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேர்வு ரத்து. வெளியே போன யார் மீதும் நடவடிக்கை கிடையாது, மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். அவன் இடம் அரையாண்டுத் தேர்வு வரை அப்படியே இருக்கும். புதன்கிழமை சார் வகுப்புக்குப் போய், பூவை எடுக்கச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தார். இரண்டு பையன்கள் இன்னும் அவரோடு பேசவில்லை. பேசச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம்.

வெளிநடப்பு செய்ததற்காக வீட்டில் அடித்ததாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். அரசின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசகரிடம் பேசலாம். தனியாக ஆற்றுப் பக்கம் போகவிடாதீர்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை மேட்டூர் தண்ணீர் வரும். மணல் அள்ளிய பள்ளம் மேலே பார்த்தால் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வகுப்போடு நானும் போகிறேன். கணக்கு சாரும் வருகிறார். விருப்பமுள்ள பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். அதற்கு முன்பு, இந்த வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளியில் பேசலாம். சம்பா நடவு வேலை இருக்கிறவர்கள் இருட்டிய பிறகு வந்தாலும் சரி, நான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்