நம்புலா முந்திரி ஆலைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மொசாம்பிக்கில் நம்புலா மாகாணத்து முந்திரி ஆலை ஒன்றுக்கு உற்பத்தி மேற்பார்வை வேலையாகப் போகிறாய் என்று கேட்டேன். ரொம்ப சந்தோஷம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், தொழில் படித்தவனுக்கு அந்தக் கொட்டை புதிதல்ல. தூத்துக்குடியிலும் கொச்சியிலும் இறங்கி நம் பக்கத்து ஆலைகளில் அவியும் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவில் விளைந்தது. இத்தனை நாள் கொட்டை உன்னிடம் வந்தது, இப்போது நீ கொட்டையிடம் போகிறாய். போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள். அந்த நாட்டில் பெரிய முந்திரி ஆலைகள் ஒரு தடவை ஏறக்குறைய மொத்தமாக மூடியிருக்கின்றன. ஏன் மூடின என்று தெரியாமல் போனால் தப்பு திரும்ப நடக்கும்.

1970-களின் தொடக்கத்தில் மொசாம்பிக் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் கொட்டை எடுத்தது. உலகத்தில் அப்போது அதுதான் முதலிடம். 1975-ல் விடுதலை கிடைத்தது. சில ஆண்டுகளில், கொட்டையை உடைக்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்று அரசு தடை போட்டது. 1977-லிருந்து 1992 வரை உள்நாட்டுப் போர். மரங்கள் கிழடாகின, புதிதாக நடுவார் இல்லை, விளைச்சல் பெருமளவு சரிந்தது. போர் ஓய்ந்ததும் அரசு ஆலைகள் தனியார் கைக்குப் போயின. அவர்கள் பொறுப்பேற்ற சூட்டிலேயே, 1995-ல், உலக வங்கி கடனுக்கு ஒரு நிபந்தனை வைத்தது: உடைக்காத கொட்டையின் ஏற்றுமதி வரியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உலக வங்கி சொன்ன காரணத்தை லேசாகத் தள்ளிவிடாதே. வரி இருப்பதால் கொட்டை உள்ளூரில் மலிவாகக் கிடக்கிறது, அந்த மலிவு ஆலை முதலாளிக்குப் போகிறது, இழப்பு ஏழை விவசாயிக்கு. வரியை எடுத்தால் அவனுக்கு விலை ஏறும். ஆலைகளோ பழைய பெரிய இயந்திரங்களை வைத்துப் பருப்பை நொறுக்கிக்கொண்டிருந்தன. இதில் ஒன்றும் பொய் இல்லை.

வரி 14 சதவீதத்துக்கு இறங்கியது. கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. 2001-க்குள் பெரிய ஆலைகள் பூட்டப்பட்டு, சுமார் 10,000 பேருக்கு வேலை போனது. விவசாயிக்கு என்ன கிடைத்தது? டானி ரோட்ரிக் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2002-ல் கணக்குப் பார்த்தார்கள். முந்திரி வளர்க்கும் குடும்பம் ஒன்றுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 5.30 டாலர். அதுவும் அதிகபட்சமாக.

தம்பி, இந்த 5.30-ஐ மனதில் வைத்துக்கொள். துறைமுகத்தில் ஏறிய விலை மரத்தடிக்கு வந்து சேரவில்லை, வழியிலேயே தங்கிவிட்டது. கிராமத்துக்குச் சாலை இல்லை, வாங்க வருகிறவன் ஒருவனோ இருவரோ, வெளியில் என்ன விலை என்று கேட்கவும் ஆள் இல்லை. அறுவடை நேரம் வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும் நேரமும்கூட. அன்றைக்கு அரிசிக்கோ சோளமாவுக்கோ பணம் வேண்டும், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். வறுமை ஒழிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் வரியையும் விலையையும் பற்றித்தான் பேசுகிறார்கள். இடையில் இருக்கும் அந்த மண் சாலையையும் தராசையும் பற்றிப் பேசுகிறவர் குறைவு. உன் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கிடையில் 1999-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டு வரியை 18 முதல் 22 சதவீதமாக ஆக்கியது. 2000-க்குப் பிறகு நம்புலாவில் சிறிய ஆலைகள் எழுந்தன. பெரிய இயந்திரத்துக்குப் பதிலாக நம் ஊர் முறை: ஆவியில் அவித்து, கையும் காலும் இயக்கும் கட்டரில் உடைப்பது. முழுப்பருப்பு கூடியது, ஆயிரக்கணக்கானோருக்கு மறுபடி வேலை கிடைத்தது. பின்னால் அவற்றிலும் சில தடுமாறி நின்றன. நின்றதற்கு முதல் காரணம் பணம், அதாவது கொட்டை வாங்கும் பணம்.

கணக்கைப் பார். அங்கே அறுவடை அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. ஆலை ஆண்டு முழுக்க ஓட வேண்டும் என்றால் மொத்தக் கொட்டையையும் அந்தச் சில மாதத்தில் வாங்கி அடுக்கியாக வேண்டும். ஆண்டுக்கு 2,000 டன் உடைக்கும் ஆலை, டன் 1,000 டாலர் என்று வைத்துக்கொள். 20 லட்சம் டாலர் கையில் வேண்டும். கொட்டை மாதாமாதம் கரையும், ஆகவே சராசரியாக 10 லட்சம் டாலர் ஆண்டு முழுக்கக் கிடங்கில் கிடக்கிறது. உள்ளூர் வங்கி வட்டி 20 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 2 லட்சம் டாலர். 22 சதவீதப் பருப்புத் தேறினால் மொத்தம் 440 டன் பருப்பு. கிலோவுக்கு சுமார் 45 சென்ட் வட்டிக்கே போகிறது. அதே பணத்தை 6 சதவீதத்துக்குக் கடன் வாங்கும் வெளிநாட்டு ஆலைக்குக் கிலோவுக்கு 14 சென்ட்தான். மொசாம்பிக்கில் வட்டி 20-ஐத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. தவிர, அங்கே கொட்டை வரும் நேரம் இந்தியாவிலும் வியட்நாமிலும் கிடங்கு காலியாகும் நேரம், வெளிநாட்டு வியாபாரி கூடுதல் விலையோடு வந்து நிற்பான். இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிய ஆலை ஜனவரியில் பாதிக் கொட்டையோடு நிற்கும், ஜூனில் பெண்களை வீட்டுக்கு அனுப்பும். தொழிலாளி சோம்பேறி என்றோ நாடு சரியில்லை என்றோ யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டு.

உன் முதலாளி வாங்கும் கடனை நீ தீர்மானிக்க முடியாது. வாங்கும் கொட்டையைத் தீர்மானிக்கலாம்.

கிராமத்தில் கொட்டைக்கு ஒரே விலை கொடுக்கும் வழக்கம்தான் எல்லாக் கெடுதலுக்கும் வேர். காய்ந்ததும் நனைந்ததும் ஒரே விலை என்றால் யார் காய வைப்பார்கள்? அவுட்டர்ன் சோதனையை, அதாவது கொட்டையில் எவ்வளவு பருப்புத் தேறும் என்று பார்ப்பதை, ஆலைக் கேட்டில் செய்யாதே, கொள்முதல் மேடையில், விற்பவர் கண்முன் செய். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், நீ அங்கே நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். பத்தில் ஒரு மூட்டையாவது குத்தி எடுத்துக் கலந்து, அதில் ஒரு கிலோ நிறுத்துக்கொள். எத்தனை கொட்டை என்று எண்ணு. 200-க்குள் இருந்தால் நல்ல பருமன். எல்லாவற்றையும் நீளவாக்கில் வெட்டிப் பருப்பைத் தொலியோடு மூன்றாகப் பிரி: நல்லது, புள்ளி விழுந்ததும் சுருங்கியதும், கறுத்தது அல்லது வெறும் ஓடு. முதல் குவியலுக்கு முழு எடை, இரண்டாவதுக்குப் பாதி எடை, மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. நல்லது 255 கிராம், புள்ளி 30 கிராம் என்றால் 255 உடன் 15 சேர்த்து 270. அதை 0.1764-ஆல் பெருக்கினால் 47.6. அதாவது 80 கிலோ மூட்டைக்கு 47.6 பவுண்டு பருப்பு. 48-க்கு ஒரு விலை, 44-க்கு ஒரு விலை என்று மேடையிலேயே எழுதிப் போட்டுவிடு. முதல் ஆண்டு சத்தம் வரும். அடுத்த ஆண்டு காய்ந்த கொட்டை வரும்.

கொட்டையைக் காய வைக்க இரண்டு மூன்று நாள் வெயில், புரட்டிப் போட்டு. நகம் பதியக் கூடாது, குலுக்கினால் கலகலக்க வேண்டும். ஈரம் 8, 9 சதவீதத்தில் இருக்கட்டும், 10-ஐத் தாண்டினால் பூசணம். மழை அறுவடைக்கு நடுவிலேயே தொடங்கிவிடும், அதனால் விழுந்த கொட்டையைத் தினமும் பொறுக்கச் சொல். ஈரத் தரையில் நாலு நாள் கிடந்த கொட்டையின் பருப்பில் புள்ளி விழுந்துவிடும். மரத்திலிருந்து தட்டிப் பறித்தது பிஞ்சு, அதை வாங்காதே. உரச் சாக்கில் கட்டிய கொட்டை வியர்க்கும். சணல் சாக்கு கொடு, கட்டைமேல் அடுக்கு, சுவரிலிருந்து தள்ளி வை.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூங்கொத்தில் சாம்பல் நோய் விழுந்தால் மரம் தழைத்து நிற்கும், காய் இருக்காது. மருந்து பூ விரியும்போதே தொடங்கி, இடைவெளி விட்டுச் சில முறை அடிக்க வேண்டும். ஒரு முறை தவறினால் முன்பு அடித்ததன் பலனும் குறையும். விவசாயிக்குக் கடனாக மருந்து கொடுக்கும் ஆலைக்கு அறுவடையில் கொட்டையும் வரும், நம்பிக்கையும் வரும். ஆனால் கடனைச் சாக்கிட்டு விலையைக் குறைத்தால் அடுத்த ஆண்டு உன் மூட்டை வேறு லாரியில் ஏறும். அதில் அவர்கள்மேல் தப்பே இல்லை.

இனி ஆலைக்குள். முழுப்பருப்புச் சதவீதம் என்பது தரக் கணக்கு மட்டுமல்ல, கூலிக் கணக்கும்தான். 440 டன் பருப்பில் முழுசு 60-லிருந்து 65 சதவீதமானால் 22 டன் துண்டிலிருந்து முழுசுக்கு ஏறுகிறது. கிலோவுக்கு 2 டாலர் வித்தியாசம் என்று வைத்தால் 44,000 டாலர். 500 பேர் வேலை செய்யும் ஆலை என்றால் ஆளுக்கு 88 டாலர். அந்த 5.30-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார். அந்தப் பணம் கூலியில் சேர்கிறதா, லாபத்தில் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. அதை உன் முதலாளியிடம் நீ கேட்க வேண்டும். கணக்கோடு கேட்டால் கேட்பார்.

முழுசு எங்கே போகிறது என்று தேடினால் பெரும்பாலும் உடைக்கும் பெண்ணிடம் இருக்காது, அவளுக்கு முன்னாலேயே போயிருக்கும். கொட்டையைப் பருமன் வாரியாகச் சலிக்காமல் அனுப்பினால் பெரியதுக்கு வைத்த கத்தியில் சின்னது நழுவும், சின்னதுக்கு வைத்ததில் பெரியது வெட்டுப்படும். நாலைந்து அளவாகவாவது சலி. ஆவி நேரம் அளவுக்கு ஏற்ப மாற வேண்டும். குறைந்தால் ஓடு பிளக்காமல் ஓட்டெண்ணெய் பருப்பில் படும், கூடினால் பருப்பு மஞ்சளாகும். அவித்ததை நிழலில் பரப்பி முழுசாக ஆற விடு, அடுத்த நாள் உடை. அவசரத்தில் சூட்டோடு உடைத்தால் எந்தக் கை உடைத்தாலும் நொறுங்கும். பருப்பை உலர்த்தும் சூட்டறையான போர்மாவில் 70, 80 டிகிரியில் ஆறேழு மணி நேரம், தட்டுகளை இடம் மாற்றி வை. மேல் தட்டு கருகி, கீழ்த் தட்டில் தொலி ஒட்டிக்கொண்டு நிற்பது எல்லா ஊரிலும் நடக்கும் கூத்து. பீலிங்குக்கு, அதாவது தொலி உரிப்பதற்கு, முன் கொஞ்சம் ஈரம் ஏற விடாவிட்டால் கத்தி பட்டதும் பிளந்து போகும்.

உடைப்புக்கு வெறும் எடைக் கூலி கொடுக்காதே. எடைக்கு மட்டும் கொடுத்தால் வேகம்தான் வரும். முழுசுக்கு ஒரு விலை, துண்டுக்கு அதைவிடக் குறைவு என்று பிரி. ஆனால் சலிப்பும் அவிப்பும் சரியில்லாத லாட்டின் நஷ்டத்தை அவள் தலையில் கட்டாதே. அந்த நாளுக்கு நாள் கூலி எழுது. இந்த ஒரு விதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையில் சேர்.

கைகள். நம் ஊரில் ஓட்டெண்ணெயில் வெந்து கறுத்த விரல்களை நீ எத்தனையோ பார்த்திருப்பாய், பழகிப்போய் அதைப் பார்ப்பதையே விட்டிருப்பாய். அங்கே புதிதாகப் பார். கையில் பூசும் சாம்பலும் ஆமணக்கெண்ணெயும் போதாது. கையுறை வாங்கினால் மட்டும் ஆகாது, விரலுக்குப் பொருந்தாத தடிமன் உறை போட்டால் கூலி குறையும் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். மெல்லிய உறை, கிழிந்ததும் மாற்று, கேள்வி கேட்காமல். எண்ணெய் பிழியாத ஓட்டைக் கொதிகலனில் எரித்தால் வரும் புகை கண்ணையும் நெஞ்சையும் அறுக்கும். புகைபோக்கி பீலிங் ஹாலுக்குக் காற்று வரும் பக்கத்தில் இருந்தால் முதல் வேலையாக அதை மாற்று.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. இந்தியா உடைக்காத கொட்டையை மிகக் குறைந்த வரியில் உள்ளே விடுகிறது. பருப்பாக வந்தால் உயர்ந்த வரி, குறைந்தபட்ச இறக்குமதி விலை. குமரி மாவட்டத்துப் பெண்களின் வேலையைக் காக்கத்தான் என்பது உண்மை, அவர்கள் வேலை எனக்குப் பெரிது. ஆனால் 'நீ விளைவி, நாங்கள் உடைக்கிறோம்' என்று இன்னொரு ஏழை நாட்டிடம் சொல்வதுதான் அதன் மறுபக்கம். உலகத்தில் இன்று அதிகம் விளைவிப்பது ஐவரி கோஸ்ட். 2022-ல் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் நான்கில் ஒரு பங்குகூட அங்கே உடைபடவில்லை.

சேர்ந்ததும் முதல் வாரம் கொள்முதல் மேடைகளுக்குப் போ. கையோடு 20 கிலோ முத்திரை எடைக்கல் ஒன்றை எடுத்துப் போய், விற்க வந்தவர்கள் பார்க்க அதை ஆலையின் தராசில் ஏற்றிக் காட்டு. விலைப் பலகையைப் போர்த்துகீசியத்தில் மட்டும் எழுதாமல் மக்குவாவிலும் எழுதச் சொல். அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசுவது அதுதான்.

அன்புடன்,
அண்ணன்