தன்னோதலோஸின் மகன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் நீ பிள்ளையின் பெயரைச் சொன்னதும் நான் ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சிக்னல் சரியில்லை என்று அவள் சமாளித்தாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "நோயே" என்று ஒரு குழந்தையைத் தமிழில் எப்படியம்மா கொஞ்சுவது? பிரெஞ்சில் அழகான பெயர், நோவாவின் பெயர், எல்லாம் எனக்கும் தெரியும். காதில் விழுந்தது என்னவோ நோய்தான்.

மறுநாள் வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. தீஜோனில் ரயில் ஏறி, லெ லோம் அலேசியா நிலையத்தில் இறங்கி, மலைக்கு நடந்தேன். உன்னைப் பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போன அதே அலேசியா. நீ திரும்பி வந்து அந்தப் பெரிய சிலையின் மீசையைப் பற்றி மட்டுமே இரண்டு நாள் பேசினாய். முப்பது ஆண்டுகளாகப் பக்கத்திலேயே இருந்தும் நான் போனதில்லை.

மீசை இன்னும் இருக்கிறது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இந்த மலையைச் சுற்றித் தோண்டச் சொல்லிவிட்டு, 1865இல் அந்தச் சிலையை வைத்தார். ரோமானியருக்கு முன் இந்த நாட்டில் வாழ்ந்த கோல் மக்களின் தலைவன், இங்கே ரோமானியத் தளபதி சீசரிடம் தோற்ற வெர்சிஞ்செதோரிக்ஸின் சிலை. முகம் மட்டும் நெப்போலியனின் சாயல் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. தோற்றவனுக்குச் சிலை, முகம் காசு கொடுத்தவருடையது!

மேலே ஏறினால் பரந்த சமவெளி. சுற்றிலும் சரிவு, கீழே இரண்டு பக்கமும் ஆறுகள். கோல் மக்கள் கோட்டை கட்ட ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கி.மு. 52இல் சீசர் இதை ஏறிப் பிடிக்க முயலவில்லை, வளைத்துக்கொண்டார். உள்ளே இருப்பவர்கள் தப்பாதிருக்கச் சுமார் 15 கிலோமீட்டர் அரண். அவர்களை மீட்க வருபவர்களைத் தடுக்க, அதற்கு வெளியே 21 கிலோமீட்டரில் இன்னொன்று. கூரிய கழி நட்டு மூடிய குழிகளுக்கு அவருடைய வீரர்கள் லில்லிப்பூ என்று பெயர் வைத்தார்களாம். பெயர் வைப்பதில் எத்தனை குரூரம் பார்.

நான் நெடுநேரம் நின்றது வேறொன்றை நினைத்து. இந்த ஊர் மந்துபி என்ற மக்களுடையது. வெர்சிஞ்செதோரிக்ஸின் போர் வீரர்களைத் தங்கள் ஊருக்குள் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். தானியம் தீர்ந்துபோனதும், சண்டைக்கு உதவாதவர்கள் என்று அவர்களைப் பெண்டு பிள்ளைகளோடு கோட்டைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அடிமைகளாகவாவது எடுத்துக்கொள்ளுங்கள், சோறு போட்டால் போதும் என்று ரோமானியரிடம் அழுதார்கள். சீசர் காவல் போட்டு, அவர்களை உள்ளே விடவில்லை. பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவர் எழுதவும் இல்லை. சொந்த ஊர்ச் சுவருக்கும் எதிரியின் அரணுக்கும் நடுவே இருந்த அந்தச் சரிவில் இப்போது புல் முளைத்திருக்கிறது.

இதோடு அந்த இடம் பாழானது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. ரோமானியர் ஆட்சியில் அதே மலைமேல் ஓர் ஊர் வளர்ந்தது. அரங்கம், கோயில், சந்தைச் சதுக்கம் எல்லாவற்றின் அடித்தளக் கற்களும் கிடக்கின்றன. உலோக வேலைக்குப் பெயர்போன ஊர். குதிரைச் சேணத்து அணிகளுக்கு வெள்ளி முலாம் பூசுவதை அலேசியாவோடு சேர்த்து ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். கொல்லர்களின் தெய்வம் உகுவேதிஸ். அவருக்குக் கட்டிய கட்டடத்தின் நிலவறையைப் பார்த்தேன், படிகள் இறங்குகின்றன.

இந்த மலையில் 1839இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. தன்னோதலோஸின் மகன் மார்த்தியாலிஸ், உகுவேதிஸுக்கு ஒரு கட்டடம் கொடுத்ததைச் சொல்கிறது. அந்தத் தெய்வத்தைத் தொழும் கொல்லர்களையும், அலேசியாவையும் குறிப்பிடுகிறது. பழைய செய்திதான், முன்பே படித்திருக்கிறேன். அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அப்பா பெயர் தன்னோதலோஸ், அசல் கோல் பெயர். மகன் பெயர் மார்த்தியாலிஸ், ரோமானியப் பெயர். எழுத்து லத்தீன் எழுத்து. மொழி? கோல் மொழி! நாம் இனிஷியல் போடுவதுபோல, தன் பெயரோடு அப்பன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறான்.

அந்தத் தன்னோதலோஸும் பெயர் வைத்த அன்று யாரிடமாவது சண்டை போட்டிருப்பானா என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். இல்லை, அவனே ஆசையாக வைத்த பெயராகவும் இருக்கலாம்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது, இங்குள்ள அலுவலகத்தில் உன் தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார்கள். திருத்தச் சொல்லி அலைந்து, பிறகு விட்டுவிட்டேன். புதுச்சேரியில் சைக்கிள் மிதித்த மனிதரின் பெயர் உன் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. பிள்ளைக்கும் அதையே போட்டிருப்பதாக அம்மா நேற்றுத்தான் சொன்னாள். அதை நீ என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான்தான் போனைக் கொடுத்துவிட்டேனே, எப்படிச் சொல்வாய்.

அம்மா இப்போதே "நோவா" என்று கூப்பிட்டுப் பழகுகிறாள். நான் இன்னும் "தம்பி"யோடு நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மொந்திரியாலில் காலை எட்டு மணிக்கு, அவன் விழித்திருந்தால், போனில் காட்டு. இந்த முறை நானே எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா